ஆமென் சொன்ன பிள்ளைகள்

1974 மார்ச் 12, செவ்வாய்

இன்னைக்கு நான் திருடினேன்னுதான் எழுதணும். தாய்மார் தேயிலைக் கொழுந்தெடுக்கப் போயிருந்தாங்க. பிள்ளைக் காம்பராவில நான் பார்த்துக்கிற பிள்ளைகள் தூங்கினதும், அதுகளுக்குன்னு தோட்டத்துல குடுத்த பால்மா டின்னைத் திறந்தேன். லயத்து வீட்டுல என் மக செல்வி ரெண்டு நாளா பாலில்லாத வெறும் சாயத்தண்ணிதான் குடிக்கிறா. ஒரு பிடி அள்ளி முந்தானையில போட்டேன். பயத்துல வாய் தானா பரமண்டல ஜெபத்தைச் சத்தமாச் சொல்லுது. சோதனையில விழாம காத்துக்கச் சொல்லிக் கேட்கிற நேரமும் கை டின்னுக்குள்ளதான்.

திரும்பினா, பிள்ளைகள் எல்லாம் முழிச்சுக் கோப்பையோட வரிசையா உட்கார்ந்திருக்கு. பால் குடுக்குமுன்னே தினமும் நான் சொல்லவைக்கிற ஜெபமாச்சே.

"ஆமென். பால் தாங்க ஆயம்மா," என்றான் நாலு வயசு முருகேசு.

முந்தானையில இருந்ததையும் சேர்த்துக் கரைச்சுக் குடுத்துட்டேன்.

படுக்குமுன்னே செல்வியும் அதே ஜெபத்தைச் சொன்னா. ஆமென்னு முடிச்சிட்டு என் கையைப் பார்த்தா.