தேநீர் கொடுக்கிற வேலை

அம்மாவுக்குத் தோத்திரம். மூட்டுவலி குறைந்ததா? நான் சுகம்.

நேர்காணலில் பெண்களிடம் பிள்ளைப்பேறு பற்றிக் கேட்டால் வழக்கு வரும் என்று எங்கள் மேலாளர் கேட்பதில்லை. வெளியே தேநீர் கொடுத்துப் பேச்சுவாக்கில் நான்தான் கேட்டுச் சொல்ல வேண்டும். நேற்று பாளையங்கோட்டையிலிருந்து ஃபெபி என்றொரு அக்கா நேர்காணலுக்கு வந்தார். என் பேச்சைக் கேட்டதும் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஏட்டி, நீ நம்ம ஊரா!”

“டீ குடிக்கலியாக்கா?”

“குமட்டுது. மூணு மாசம். உள்ள சொல்லிராத, என்ன?”

சொன்னேன். ‘அனுபவம் போதாது’ என்று எழுதி அனுப்பிவிட்டார்கள்.

இங்கே ஊர்ப் பேச்சு பேச ஆளில்லை. கொஞ்சம் கருப்பட்டி அனுப்புங்கள். நம் வீட்டு விலாசத்தைக் கேட்டு வாங்கிக்கொண்ட அந்த அக்கா, ஞாயிறு ஆராதனை முடிந்து உங்களைப் பார்க்க வருவார். வேலை கிடைத்ததா என்று மட்டும் கேட்காதீர்கள்.

அடுத்த பெண் வந்து உட்கார்ந்துவிட்டாள். தேநீர் கொண்டுபோக வேண்டும்.

உங்கள் சாலோமி