யானைக்கு வயிற்றில் ஓட்டை வேண்டாம்

மார்ச் 4
பல் டாக்டரம்மா அறுபது யானை பொம்மை கேட்டிருக்கிறார். அழாமல் பல் பிடுங்கிக்கொள்ளும் பிள்ளைக்கு ஆளுக்கொன்று பரிசாம். மாதிரியைப் புரட்டிப் பார்த்தவர், "வயித்துல எதுக்குங்க ஓட்டை? பாக்கவே நல்லால்லை" என்றார். "எடுத்துடலாம்மா" என்று சொல்லிவிட்டு வந்தேன். வாங்குகிறவர் முகம் சுளித்தால் எனக்குப் பொறுக்காது. மூட்டை தூக்கி விற்ற காலத்திலிருந்தே அப்படி.

மார்ச் 5
கடையில் பொம்மை அச்சடிக்கும் 3டி மெஷினைப் பார்த்துக்கொள்வது மச்சினன். ஓட்டையை எடு என்றதும் முறைத்தான். தொட்டியிலுள்ள ரெசின் என்னும் பிசின் திரவத்தில் ஒளி பட்ட இடம் மட்டும் படலம் படலமாக இறுகி யானையாகிறது. உள்ளே வெற்றுக்கூடு. அதில் இறுகாமல் தங்கும் பச்சை ரெசின் வடியத்தான் அந்த ஓட்டை. இதெல்லாம் எனக்குத் தெரியாதா?
"ஓட்டை வச்சு, வடிச்சு, கழுவி, அப்புறமா அடைச்சுத் தர்றேன் மாமா. ரெண்டு நாள் கூடக் குடுங்க."
"வெள்ளிக்கிழமைன்னு வாக்கு குடுத்தாச்சு மாப்ளே. யானை வயித்துக்குள்ள எவன் எட்டிப் பாக்கப் போறான்?"

மார்ச் 7
அறுபதும் போய்ச் சேர்ந்தன. கூடுதலாகச் செய்த இரண்டில் ஒன்று கடை அலமாரிக்கு, ஒன்று பேத்திக்கு. பேத்தியுடையதைக் காதருகே வைத்துக் குலுக்கினேன். ளொளக்.
"மாசமா இருக்கற யானை மாமா இது. என்னைக்குப் பெத்துப்போடும்னு சொல்ல முடியாது" என்றான் மச்சினன். நானும் சிரித்துவிட்டேன்.

மார்ச் 30
டாக்டரம்மா இன்னும் நூறு கேட்கிறார். ஆடாத பல்லைக் காட்டிக்கொண்டு வருகிறார்களாம் பிள்ளைகள்.

ஏப்ரல் 2
அலமாரி யானையைத் தூக்கினேன், பலகையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. வயிற்றில் தலைமுடி அளவு விரிசல். அடியில் பிசுபிசுப்பு. பலகையின் பெயின்ட் கொப்பளித்திருக்கிறது. துடைத்துவிட்டு, விரிசல் தெரியாதபடி திருப்பி வைத்தேன்.

ஏன் திருப்பி வைத்தேன்?

ஏப்ரல் 3
துடைத்த விரல்கள் சிவந்து அரிக்கின்றன. மச்சினன் பார்த்தான். "பச்சை ரெசினைக் கையுறை இல்லாம தொடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது? நமக்கே இப்படின்னா, அதை வாயில வைக்கற புள்ளைங்களுக்கு? டாக்டரம்மாகிட்ட இப்பவே சொல்லுங்க மாமா."
"ஒண்ணுதானே வெடிச்சிருக்கு" என்றேன்.
"ஒரே நாள்ல செஞ்ச சாமான் மாமா எல்லாம்."

ஏப்ரல் 4
நாளைக்குச் சொல்லலாம்.

ஏப்ரல் 5
மகளுக்குப் போன் செய்தேன். யானை எங்கே என்றேன்.
"வேற எங்கப்பா, அவ வாயிலதான். தும்பிக்கையைச் சப்பிக்கிட்டேதான் தூங்குறா."
"இந்தா கிளம்பிட்டேன், அதைவிடப் பெரிசா ஒண்ணு செஞ்சு தர்றேன்" என்று சமாளித்தேன். காரணம் சொல்ல வாய் வரவில்லை. மகளிடம் சொன்னால் ஊருக்கே சொல்ல வேண்டும்.
போனேன். பிடுங்கினேன். வீடு இரண்டுபடக் கத்தினாள் குழந்தை. யானை காய்ந்துதான் இருந்தது, பிசுபிசுப்பே இல்லை. அப்பாடா என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.
கடையில் மச்சினன் கிண்ணத்தை அடியில் வைத்து வயிற்றில் துளை போட்டான். ஒரு சொட்டும் விழவில்லை. இருவரும் காத்திருந்தோம். குலுக்கினேன், சத்தமே இல்லை.
தும்பிக்கை நுனியை விளக்கில் பிடித்துக் காட்டினான். தலைமுடி அளவு.
"இதுக்குள்ள இருந்தது எங்க மாமா போச்சு?"

ஏப்ரல் 6
காலையில் மகள் கூப்பிட்டாள். பேத்தியின் உதடு தடித்திருக்கிறதாம். "புதுப் பழம் குடுத்தேன்ப்பா, ஒத்துக்கலைபோல."
பழம் இல்லை என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள், "எப்பத்துலேர்ந்துப்பா உனக்குத் தெரியும்?" என்றாள்.
ஆஸ்பத்திரியில் குழந்தையை என் கையில் தரவில்லை.

ஏப்ரல் 7
டாக்டரம்மா ஒன்றும் திட்டவில்லை. பெட்டியைத் திறந்து காட்டினார். மிச்சம் பத்தொன்பது. அட்டையில் ஈரம். நோட்டைத் தள்ளினார். நாற்பத்தொரு பிள்ளைகளின் பெயர், போன் நம்பர்.
"நீங்களே பேசுங்க" என்றார்.
அவர் நாற்காலிக்கு எதிரேயே உட்கார்ந்து பேசுகிறேன். இதுவரை பதினாறு பேர். ஏழு வீட்டில் யானை ஈரமாம். ஒரு அம்மா நான் முடிக்குமுன்பே, "அப்ப அந்தக் கொப்புளம்..." என்றாள்.
அடுத்த நம்பர் மணி அடிக்கிறது. ஒரு குழந்தை எடுக்கிறது.