நான்காவது ஆள்

வெள்ளி இரவு, ராஜபாளையம்.

இன்று தியானத்தில் உட்கார்ந்தவர்கள் நான், எதிர்வீட்டு லில்லி டீச்சர், என் ஓரகத்தி சரோஜா அக்கா. போனில் கேட்டுப் பழகிய புத்தர் தியானத்தை நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன். முதலில் தனக்கு நல்லது நினைக்க வேண்டும், பிறகு பிரியமானவருக்கு, பிறகு அறியாதவருக்கு, கடைசியில் பிடிக்காதவருக்கு. எல்லாம் மனதுக்குள்தான். என் வாயோ பாசுரத்தைச் சத்தமாகச் சொல்லியே பழகியது. "சரோஜா அக்கா நல்லா இருக்கட்டும்" என்று கடைசியில் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

டீச்சர் கண்ணைத் திறக்கவில்லை. அடக்கிய சிரிப்பில் தோள் மட்டும் குலுங்கியது.

அக்கா எழுந்துவிட்டாள். "ஏட்டி, நாலாவது பிடிக்காத ஆளுல்ல? எம்புட்டு நாளா என்னைய அங்கன வச்சிருக்க?"

"நல்லதுதானக்கா கேட்டேன்..."

"நாளைக்கு ஆண்டாள் சந்நிதியில வச்சுக் கேப்பேன். அங்கன பொய் சொல்ல மாட்டேல்ல?"

காபியைத் தொடாமலே போய்விட்டாள்.

பழைய சண்டை தீர்ந்து இந்தப் பொங்கலுக்குத்தான் எங்களுக்குள் பேச்சுவார்த்தையே திரும்பியது. ஆமென்றால் இனி வாசலை மிதிக்க மாட்டாள். இல்லையென்றால் பொய். இப்போது தனியாக உட்கார்ந்து அவள் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். முன்பு பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொல்வேன், இன்று இயல்பாக வந்தது. கோபம் எப்போதோ போய்விட்டது, பழக்கத்தில் அவளை அந்த நான்காவது இடத்திலேயே வைத்திருக்கிறேன். இதைச் சொன்னால் நம்புவாளா? தாயே, காலையில் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறுவதற்குள் எனக்குப் பதில் சொல்லிவிடு.