அரை மாத்திரை

பிப்ரவரி 9

இன்றிலிருந்து மனச்சோர்வு மாத்திரை அரைதான். "ரெண்டு மாசம் அரை. அப்புறம் என்னை வந்து பாரு. நீயா குறைக்காத" என்றார் டாக்டரம்மா. வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னதும் முகமெல்லாம் சிரிப்பு. "ஆறு வருஷமா முழுங்கிட்டு இருக்க. நல்லாத்தானே இருக்க, இன்னும் எதுக்கு?"

நல்லாத்தான் இருக்கேன். அதுதான் பயமே. அக்கா வீட்டுக்காரர் இறந்த அன்று அவளைக் கட்டிக்கொண்டு நின்றேன். கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. அவள் முதுகு என் கைக்குள் குலுங்கிக்கொண்டிருந்தது. நானோ அவள் முடிக்குச் சாயம் போட்டு எத்தனை நாளாயிற்று என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 17

எங்கள் பார்லரில் இன்று கூட்டம். அக்கா சாயம், நான் புருவமும் முடிவெட்டும். உடம்பில் ஒரு மாற்றமும் தெரியவில்லை. இவ்வளவுதானா?

பிப்ரவரி 26

டிவியில் சோப்பு விளம்பரம், யாரோ ஒரு நாய்க்குட்டியைக் குளிப்பாட்டுகிறார்கள். அழுதுவிட்டேன். எனக்கு அழ வருகிறது. மூக்கைச் சிந்திக்கொண்டே சிரித்தேன். இவரும் சிரித்தார்.

மார்ச் 8

காலாகக் குறைத்துவிட்டேன். டாக்டரம்மா சொன்ன கெடு இன்னும் வரவில்லை. "இதை இன்னும் இழுக்கணுமா?" என்று கேட்டது இவர்தான். ஆனால் அவர் மேல் ஏன் பழி? எனக்கும் அவசரம்.

மார்ச் 15

கண்ணை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் திருப்பினால் மண்டைக்குள் பளீரென்று ஒரு அடி. ஈரக்கையோடு சுவிட்சைத் தொட்ட மாதிரி. வலி இல்லை. ஒரு நொடி நான் இல்லாமல் போய், மறுபடி இருக்கிறேன். பார்லரில் எங்கு திரும்பினாலும் கண்ணாடி. நூலைப் பல்லில் கடித்துப் புருவம் எடுக்கும்போது கண் ஓடாமல் எப்படி இருக்கும்?

மார்ச் 19

கால் துண்டு நொறுங்கிப் பொடியாகிறது. பொடியை நக்குவதற்குப் பதில் மாத்திரையையே விட்டுவிடலாம் என்று விட்டுவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

மார்ச் 24

டம்ளரை மேசையிலேயே வைத்துவிட்டுப் போனதற்காக இவரிடம் கத்தினேன். "இதுக்கா மாத்திரைய குறைக்கச் சொன்னேன்?" என்றார். ஆமா, நீதான சொன்ன. நீதான. சொல்லிட்டு இப்ப என்னமோ — மீதியை எழுத மாட்டேன். எந்நேரமும் வியர்வை. கண்ணை மூடினால் கனவு, கனவு நிறைய ஆட்கள்.

மார்ச் 27

கணக்கு டீச்சரின் காதை வெட்டிவிட்டேன்.

வருஷக்கணக்காக என்னிடம்தான் முடிவெட்டிக்கொள்கிறார். காதோரம் கத்தரியைக் கொண்டுபோகும்போது பளீர். சின்ன வெட்டுதான், ஆனால் இரத்தம் நிற்கவில்லை. போர்த்தியிருந்தது வெள்ளைத் துணி. "பரவாயில்லம்மா, விடும்மா" என்று அவர்தான் என்னைத் தேற்றினார். என் கை கத்தரியை விடவில்லை. அக்கா வந்து விரல் விரலாகப் பிரித்து வாங்கினாள்.

"வீட்டுக்குப் போ."

"நாளைக்கு?"

"நாளைக்கு வராத. எப்பன்னு நான் சொல்றேன்."

மார்ச் 30

எழுந்திருக்கவில்லை.

ஏப்ரல் 2

இது மாத்திரையை விட்டதால் வருவதா, இல்லை பழையதே திரும்பிவிட்டதா? பழையது இப்படித்தான் வந்தது. முதலில் தலைவாரத் தோன்றாது. ஊரார் தலையை எல்லாம் வாரிவிடுகிறவள் நான். இவர் வாசற்படியில் நின்று, "நான் என்ன செய்யட்டும், சொல்லு" என்றார். தெரிஞ்சா சொல்ல மாட்டேனா.

ஏப்ரல் 4

நேற்று நடந்ததை எழுதிவிட வேண்டும்.

நல்ல வெயில். காய்ந்த துணியை எடுக்க மொட்டை மாடிக்குப் போனேன். எல்லாவற்றையும் மடித்து வாளியில் வைத்தேன். அப்புறம் கைப்பிடிச் சுவரோரம் போய் நின்றேன். அழுகை இல்லை, கோபம் இல்லை. எவ்வளவு சுலபம் என்று மட்டும் தோன்றியது. அப்படித் தோன்றியதுதான் என்னைப் பயமுறுத்தியது. அக்காவைக் கூப்பிட்டேன்.

"அக்கா, மாடியில இருக்கேன்."

"சரி, என்ன?"

"கீழ எறங்கத் தெரியல."

"தரையில உக்காரு. இப்பவே உக்காரு. ஃபோன வைக்காத."

உட்கார்ந்தேன். ஃபோனில் அவள் செருப்புச் சத்தமும் மூச்சிரைப்பும் கேட்டுக்கொண்டே இருந்தன. படியேறி வந்தபோது கையுறைகூடக் கழற்றவில்லை. கறுப்புச் சாயக் கையோடு என் தோளைப் பிடித்தாள். "ஒருத்திய பாதித் தலையோட உக்கார வெச்சுட்டு வந்திருக்கேன்டி" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். மாத்திரையை விட்டதை அப்போதுதான் சொன்னேன். "லூசு" என்றாள், அவ்வளவுதான். அவள் முன்னால் இறங்க, அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நான் பின்னால் இறங்கினேன்.

ஏப்ரல் 5

டாக்டரம்மா திட்டவில்லை. மறுபடி முழு மாத்திரை.

"அப்ப இனிமே விடவே முடியாதா?"

"முடியலாம். முதல்ல நீ தேறணும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா, இதவிட ரொம்ப மெதுவா பார்க்கலாம். இப்ப அத யோசிக்காத."

இவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். யாரும் கேட்காமலே, "நான்தான் அவசரப்படுத்தினேன்" என்றார். திரும்பும் வழியில் வண்டியை நிறுத்தி ஒரு பூட்டு வாங்கினார். மாடிக் கதவுக்கு.

ஏப்ரல் 21

பளீர் நின்றுவிட்டது. மனச்சோர்வு இன்னும் விடவில்லை. குளித்தேன்.

மே 20

பார்லருக்குப் போனேன். தலை அலசிவிடுவதும் துண்டு துவைப்பதும்தான் என் வேலை. கத்தரியை அக்கா இழுப்பறைக்குள் வைத்திருக்கிறாள். கேட்டால் தருவாள். கேட்கவில்லை.

ஜூன் 14

சாயத் துண்டுகளோடு வெள்ளைத் துண்டுகளையும் சேர்த்து மெஷினில் போட்டுவிட்டேன். அத்தனையும் செங்கல் நிறம். கடை நிறைய ஆட்கள் இருக்கும்போதே அக்கா, "கண்ண எங்கடி வெச்சிருந்த? எல்லாம் புதுத் துண்டு" என்று கத்தினாள். கத்திவிட்டு அவளே திடுக்கிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். மாடியிலிருந்து என்னை இறக்கிக் கொண்டுவந்த பிறகு, அவள் குரல் உயர்ந்து இன்றுதான் கேட்கிறேன்.

"சாயத் துண்ட வெள்ளைக் கூடையில போட்டது யாரு? நீ" என்றேன்.

"வாயப் பாரு" என்றாள் அக்கா, அடுத்தவளுக்குத் துணி போர்த்திக்கொண்டே.

மறுபடி அலசிப் பார்த்தேன். சாயம் போகவில்லை. அப்படியே மடித்து அடுக்கிவைத்தேன்.