அப்பாயி எழுதிய சொல்

கடற்கரைக் குப்பம்,
கோட்டுச்சேரி கொம்யூன்,
9-4-1984

மதாம் மார்த் அம்மா அவர்கள் சமூகத்துக்கு, செல்லத்தின் அப்பாயி தையல்நாயகி எழுதிக்கொள்வது.

இவ்விடம் உயிரோடு இருக்கிறேன். சுகம் என்று எழுதக் கை வரவில்லை. தபால் பெட்டியில் போட்டால் குப்பம் முழுக்கத் தெரிந்துவிடும் என்று, டவுனுக்கு மீன் விற்க வரும் அஞ்சுகத்தின் கூடையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். தாளில் செதில் ஒட்டியிருந்தால் பொறுத்துக்கொள்ள வேணும்.

என் பேத்தி பத்து நாளாக உங்கள் வீட்டில் இருக்கிறாள் என்று அஞ்சுகம்தான் சொன்னாள். நீங்கள் ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்து பென்சன் வாங்குகிறவர், பிரெஞ்சு நேசனாலிட்டிக் குடும்பம், இந்த மாதிரி வந்து நிற்கும் பெண்களுக்குப் பின்கட்டில் இரண்டு அறை ஒழித்துக் கொடுத்து, டாக்டர் வக்கீல் எல்லாம் பார்த்துக் கொடுக்கிறீர்கள் என்றும் சொன்னாள். புண்ணியமாகப் போகட்டும். ஆனால் இது எங்கள் ஊர்க் காரியம். ஊரே பார்த்துக்கொண்டது.

பங்குனியில் கருவாட்டுக் களத்தில், பட்டப்பகலில், குப்பத்துத் தலைவர் நாட்டார் காத்தமுத்து மகன் உத்திராபதி அப்படிச் செய்த பிறகு நான் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. மறுநாளே மனு எழுதிப் பஞ்சாயத்தில் வைத்தேன். பிறத்தியாரிடம் கேட்டு எழுதவில்லை, என் சொந்தக் கை. கன்னியாஸ்திரீகள் பள்ளியில் ஐந்தாம் வகுப்புவரை படித்துப் பரீட்சையில் முதலாவதாக வந்தவள் நான். சிங்கப்பூருக்கோ பினாங்குக்கோ இந்தக் குப்பத்திலிருந்து போகிற கடுதாசி எதுவானாலும் என் எழுத்துதான். மனுவைப் படித்துப் பார்த்த நாட்டார், தன் பிள்ளை என்றும் பாராமல், அவனே தாலி கட்ட வேணும் என்று தீர்ப்புச் சொன்னார். வைகாசியில் நாள் குறித்தாயிற்று. தகப்பனைக் கடல் கொண்டுபோன, தாயும் இல்லாத இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு இதற்கு மேல் நான் எங்கே போய் நியாயம் வாங்குவேன்? அவளோ விடிந்ததும் பஸ் ஏறிவிட்டாள்.

தயவுசெய்து அனுப்பிவைக்கவும். தலைகூட வாரிக்கொள்ளாமல் போனாள். அவள் சீப்பு இத்துடன் வருகிறது.

இப்படிக்கு,
ஆ. தையல்நாயகி


காரைக்கால்,
13-4-1984

அன்புள்ள தையல்நாயகி அம்மாளுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இவ்வளவு திருத்தமான எழுத்தைப் பார்த்து வெகுநாள் ஆயிற்று.

செல்லத்தை நாங்கள் பிடித்து வைக்கவில்லை, அதனால் அனுப்பிவைக்கவும் முடியாது. வந்த மூன்று நாளும் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். இங்கே சமைக்கும் ஆஸியா பீவி எதுவும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். நான்காம் நாள் அவளாகவே எழுந்து வந்து ஒரு பூண்டை எடுத்து உரித்தாள். இப்போது கஞ்சி குடிக்கிறாள்.

கல்யாணத்தைப் பற்றிச் சொன்னேன். "அவங்கையால தாலி வாங்குனா, தெனமும் அந்தக் களத்துக்குப் போயிட்டு வர்ற மாதிரிதான்" என்றாள். போலீசில் புகார் கொடுக்க வேண்டும் என்பது அவளுடைய முடிவு. நேற்று எங்கள் வக்கீலம்மாவோடு போய்க் கொடுத்துவிட்டாள்.

சீப்பை வாங்கிக்கொண்டாள். அவள் கேட்டாலொழிய உறவுக்காரர்களை உள்ளே விடுவதில்லை என்பது இந்த வீட்டின் ஒழுங்கு. இன்னும் அவள் கேட்கவில்லை. மனத்தாங்கல் வேண்டாம்.

மார்த்


கடற்கரைக் குப்பம்,
21-5-1984

மதாம் அம்மாவுக்கு,

போலீஸ் வந்துபோன அன்றே ஊர் என்னைத் தள்ளி வைத்துவிட்டது. கடையில் நெருப்புப்பெட்டி கேட்டால் இல்லை என்கிறார்கள். கண்ணெதிரே அடுக்கி வைத்திருக்கிறது, இல்லை என்கிறார்கள். கடுதாசி எழுதித் தரச் சொல்லி ஒருத்தரும் வருவதில்லை. காசியம்மா தன் மகனுக்கு எழுதக் கோட்டுச்சேரிவரை நடந்து போனாளாம். அங்கே எழுதிக் கொடுத்தவன் பினாங்கை பெனாங்கு என்று எழுதியிருப்பான், எனக்கென்ன.

உங்கள் மேல் கோபமாக இருந்தேன். இப்போது அதற்கும் தெம்பில்லை. செல்லம் சாப்பிடுகிறாளா? வாளைக் கருவாடு என்றால் உயிர். இந்த வருஷம் காய்ந்ததில் நல்லதாகப் பொறுக்கி, அஞ்சுகத்திடம் ஒரு பொட்டலம் கொடுத்திருக்கிறேன். நான் கொடுத்தேன் என்று சொல்ல வேண்டாம். வாசனையிலேயே தெரிந்துகொள்வாள்.

தையல்நாயகி


காரைக்கால்,
20-6-1984

அன்புள்ள தையல்நாயகி அம்மாளுக்கு,

இந்தக் கடிதத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

முதலில் கருவாடு. வாசனையிலேயே தெரிந்துகொண்டாள். பொட்டலத்தைப் பிரித்ததும் அவளுக்கு வாந்தி வந்துவிட்டது. களத்தின் வாசனை அம்மா அது. உங்களுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. நான் நாற்பது வருஷம் நர்சு.

இரண்டாவது, நீங்கள் பஞ்சாயத்தில் வைத்த மனுவை எதிர்த்தரப்பு கோர்ட்டில் கொடுத்திருக்கிறது. அதன் முதல் வரி: "என் பேத்தி செல்லம், நாட்டார் மகன் உத்திராபதியோடு கெட்டுப்போனாள்."

அவன் பலவந்தம் செய்ததாக அதில் எங்கும் இல்லை. இருவரும் மனமொத்து நடந்தது, வளர்த்த பாட்டியே கைப்பட எழுதியிருக்கிறார் என்பதுதான் அவர்கள் வாதம். டாக்டரிடம் அவள் வந்தது ஐந்து நாள் கழித்து என்பதால் அந்தச் சான்றிலும் பலமில்லை.

செல்லம் அந்த வரியைப் படிக்கச் சொன்னாள், படித்தேன். பிறகு சொன்னாள்: "அப்பாயி நல்லா எழுதும்னு ஊரே சொல்லும். எனக்கு மட்டும் இப்புடி எழுதிடுச்சு."

மார்த்


கடற்கரைக் குப்பம்,
27-6-1984

மதாம் அம்மாவுக்கு,

வேறு எப்படி எழுதுவது? எங்கள் பக்கம் வலை கெட்டால் கெட்டது, மீன் கெட்டால் கெட்டது, பெண்ணுக்கு இப்படி நேர்ந்தாலும் கெட்டுப்போனாள் என்றுதான் சொல்கிறோம். என் அம்மா அப்படித்தான் சொன்னாள், அவள் அம்மாவும். அவன் செய்ததை அப்படியே எழுத என் பேனா கூசியது. மரியாதையான சொல் என்று நினைத்துத்தான் போட்டேன்.

கடுதாசியை அஞ்சுகத்துக்குப் படித்துக் காட்டினேன். கூடையை இறக்கி வைத்துவிட்டு அவள் கேட்டாள். "மீனு வெயில்ல கெடந்தா தானா கெடும் ஆத்தா. அந்தப் புள்ளயுமா தானா கெட்டுச்சு? படிக்காத எனக்கே தெரியுது."

ஐந்தாம் வகுப்பில் எழுவாய், பயனிலை என்று படித்தேன். ஒரு காரியத்தை எவன் செய்தானோ அவன் எழுவாய் என்று சிஸ்டர் பிரம்பால் தட்டிச் சொல்லிக் கொடுத்தார். நான் செல்லத்தை எழுவாயாக வைத்துவிட்டேன். அவனை ஓர் ஓரத்தில் "ஓடு" போட்டு நிறுத்திவிட்டேன்.

உடனே நாட்டார் வீட்டுக்குப் போனேன். உள்ளே வரச் சொல்லவில்லை, வாசலில் நின்றேன். மனுவை மாற்றி எழுதித் தருகிறேன், கோர்ட்டில் இதையும் சேர்க்கச் சொல்லுங்கள் என்றேன். சிரித்தார். "எழுதுனது எழுதுனதுதான் ஆத்தா. எழுதத் தெரியாதவ எழுதுனான்னா தப்புன்னு சொல்லலாம். நீதான் குப்பத்துக்கே படிச்சவளாச்சே." சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். அதில் பாதிப் பேருக்கு நான் எழுதிய கடுதாசியால்தான் கப்பலில் வேலை கிடைத்தது.

கோர்ட்டில் என்னைக் கூப்பிடச் சொல்லுங்கள். வாயால் திருத்திச் சொல்லிவிடுகிறேன். செல்லத்திடம் இதைச் சொல்லுங்கள்.

தையல்நாயகி


கடற்கரைக் குப்பம்,
19-1-1985

மதாம் அம்மாவுக்கு,

நேற்று கோர்ட்டு அறைக்குள் யாரையும் விடவில்லை என்பதால் உள்ளே நடந்தது உங்களுக்கோ செல்லத்துக்கோ தெரிந்திருக்காது. நானே எழுதுகிறேன்.

ஏழு மாதமாக மனப்பாடம் செய்துகொண்டு போனேன். அவன் வக்கீல் மனுவைக் கையில் கொடுத்து, "இது ஒங்க எழுத்தா பாட்டி?" என்றார். ஆமாம் என்றேன். "அழகா இருக்கே. யாராச்சும் சொல்லச் சொல்ல எழுதுனீங்களா?" இல்லை, நானேதான் என்றேன். "கெட்டுப்போனாள்னா அர்த்தம் தெரிஞ்சுதானே எழுதுனீங்க?" அர்த்தம் தெரியாமல் நான் ஒரு சொல்லும் எழுதுகிறவள் இல்லை என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன்? கடுதாசி எழுத வந்த ஊரே கேட்ட இந்தக் கேள்விக்கு ஒரே மாதிரி பதில் சொல்லிச் சொல்லி வாய் பழகிவிட்டது. "அவ்வளவுதான்" என்று உட்கார்ந்துவிட்டார். அரசாங்க வக்கீல் ஏதோ கேட்டார். நான் திருத்திச் சொன்னேன். அவன்தான் செய்தான், அவளை இழுத்துப் போனான் என்றேன். எழுதிக்கொண்டார்கள். ஆனால் முன்னால் சொன்னதுதான் அவர்கள் காதில் நின்றது என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது.

வெளியே வந்தபோது வராந்தாவில் செல்லம் உங்கள் பக்கத்தில் இருந்தாள். பத்து மாதம் கழித்துப் பார்க்கிறேன், கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது. "செல்லம்" என்றேன். என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீங்கள் அவள் தோளில் கை வைத்தீர்கள். நான் வைத்திருக்க வேண்டிய கை.

ஒன்று கேட்க வேணும். உங்கள் வீட்டில் வருகிறவர்கள் சொல்வதை ஒரு நோட்டில் எழுதி வைக்கிறீர்கள் என்று அஞ்சுகம் சொன்னாள். அதில் என்ன சொல் போடுகிறீர்கள்?

தையல்நாயகி


காரைக்கால்,
12-2-1985

அன்புள்ள தையல்நாயகி அம்மாளுக்கு,

தீர்ப்பு நேற்று வந்தது. அவனை விடுதலை செய்துவிட்டார்கள். மனுவைப் பற்றித் தீர்ப்பில் இரண்டு பக்கம் இருக்கிறது. உங்களால் மட்டும் என்று நினைக்காதீர்கள். ஐந்து நாள் தாமதம், சாட்சி சொல்ல ஊரில் ஒருவரும் வராதது, எல்லாம் சேர்ந்ததுதான். மேல்கோர்ட்டுக்குப் போகலாம் என்று வக்கீலம்மா சொன்னார். "மறுபடியும் மொதல்லேர்ந்து சொல்லணுமா?" என்று கேட்டாள் செல்லம். ஆமாம் என்றதும் வேண்டாம் என்றுவிட்டாள்.

வெளியூரில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆயா வேலைக்கு ஏற்பாடு செய்திருக்கிறேன். நாளைக் காலை போகிறாள். முகவரியை உங்களுக்குத் தரக் கூடாது என்று கேட்டுக்கொண்டாள். நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

நோட்டைப் பற்றிக் கேட்டீர்கள். விசேஷமான சொல் எதுவும் எங்களிடம் இல்லை. செய்தவன் பெயரை முதலில் எழுதுவோம். பிறகு, அவள் சொன்னபடியே, அவன் என்ன செய்தான் என்பதை.

மார்த்


கடற்கரைக் குப்பம்,
18-3-1985

செல்லத்துக்கு அப்பாயி எழுதுவது.

இதை மதாம் அம்மா உனக்கு அனுப்ப வேண்டாம். அவர்கள் வீட்டிலேயே இருக்கட்டும். நீ எப்போதாவது அங்கே வந்து, நீயாகக் கேட்டால் கொடுக்கட்டும்.

உத்திராபதி, காத்தமுத்து மகன், சென்ற வருஷம் பங்குனி மாதம் கருவாட்டுக் களத்தில் என் பேத்தி செல்லத்தை வாயைப் பொத்தி இழுத்துப்போய்ப் பலவந்தம் செய்தான். அவள் கத்தினாள். அவள் ஒன்றும் செய்யவில்லை. அவள் கெடவில்லை. எழுதத் தெரியும் என்ற கர்வத்தில் அவள் அப்பாயி தப்பாக எழுதினாள்.

இதையே இன்னொரு தாளில் எழுதிப் பஞ்சாயத்துக்குக் கொண்டுபோனேன். வாங்க மாட்டேன் என்றார்கள். அரிசி மாவைக் காய்ச்சி அம்மன் கோயில் சுவரில் ஒட்டினேன். மறுநாள் கிழித்திருந்தார்கள். மறுபடியும் ஒட்டினேன். இப்போது தாள் வாங்கக் கோட்டுச்சேரிவரை நடக்க வேண்டியிருக்கிறது. மூட்டு வலி. வாரத்துக்கு ஒன்றுதான் முடிகிறது.

வீட்டில் கருவாடு காயப்போடுவதை விட்டுவிட்டேன். கூரை, பாய், பானை எல்லாவற்றிலும் அந்த வாசனை ஊறிக் கிடக்கிறது. சீயக்காய் போட்டுக் கழுவியும் போகவில்லை. நீ வருவாய் என்று கழுவவில்லை. வந்தால் என்று கழுவினேன்.

உன்
அப்பாயி


காரைக்கால்,
14-8-1985

அன்புள்ள தையல்நாயகி அம்மாளுக்கு,

நேற்று செல்லம் வந்திருந்தாள். இரண்டு மணி நேரம் இருந்தாள். ஆஸியா பீவியோடு பூண்டு உரித்தாள். ஆஸ்பத்திரி நீலப் புடவை அவளுக்கு நன்றாக இருக்கிறது.

உங்களைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கேட்டாள் என்று எழுத எனக்கு ஆசைதான். உங்களுக்குப் பொய் எழுதக் கூடாது. அவள் கேட்டால்தான் கொடுக்க வேண்டும் என்று நீங்கள் எழுதியிருந்ததை மீறி, உங்கள் கடிதம் ஒன்று இங்கே இருக்கிறது என்று நானாகச் சொல்லிவிட்டேன். மன்னிக்க வேண்டும்.

வாங்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போய், தன் பழைய பாயில் உட்கார்ந்து விரல் வைத்துப் படித்தாள். அவளுக்குப் படிக்க நேரமாகும். திரும்பி வந்து, "எழுத்து கோணியிருக்கு. கை நடுங்குது போல அதுக்கு" என்றாள்.

வேலைக்குத் திரும்பக் கிளம்பும்போது கடிதத்தை என்னிடமே கொடுத்துவிட்டாள். "எடுத்துக்கிட்டுப் போகலியா?" என்று கேட்டேன்.

"வேணாம். இங்கயே இருக்கட்டும். வாயத் தொறக்க முடியாம யாராச்சும் வந்தா, இப்புடி எழுதணும்னு காட்டுங்க."

உங்களுக்கு முகவரி தரச் சொல்லவில்லை. உங்கள் கடிதத்தை நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன்.

மார்த்