பின்லாந்துக்குப் போன காற்று

12-2-2003, புதன்

சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு காதுகுத்துக்கு மைக் செட் கட்டிவிட்டு வந்தேன். நான் கூம்பு கட்டினால் சத்தம் வந்தவாசி வரைக்கும் போகும். ஐயம்பேட்டை வரைக்குமாவது போகும்.

வீட்டு மாடியில் மிக்ஸி ஓடுகிற மாதிரி ஒரு இரைச்சல். அக்கா மகள் ஸிந்துஜாவின் கிடார். "பிளாக் மெட்டல் மாமா. நடுநடுவுல ஆம்பியன்ட் வரும்" என்றாள். தொண்டை கிழிய அலறுவார்களாம், டிரம் தடதடக்குமாம், திடீரென்று எல்லாம் அடங்கிப் பனிக்காட்டில் தனியாக நிற்கிற மாதிரி வெறும் காற்றோசை வருமாம். காஞ்சிபுரத்தில் ஏது பனிக்காடு? மார்கழியிலேயே ஃபேன் போட்டுக்கினு படுக்கிற ஊர்.

"இதெல்லாம் நான் எழுபத்தெட்டுலயே கேட்டாச்சு" என்றேன். கேட்டதில்லை. கேட்டிருக்கக்கூடிய ஆள்தான்.

15-2, சனி

பின்லாந்தில் ஒரு சின்ன கம்பெனி ஸிந்துஜாவின் பாட்டை சிடியாகப் போடுகிறதாம். வர்ற வெள்ளிக்கிழமை அனுப்பியாக வேண்டும், தவறினால் அந்த இடம் வேறு யாருக்கோ. வேலைக்குப் போய்க்கினே ரெண்டு வருஷமாகச் செய்தது. கடைசிப் பாட்டுக்குக் காற்று மட்டும் அமையவில்லை. கம்ப்யூட்டரில் செய்த காற்று சைக்கிளுக்குப் பம்ப் அடிக்கிற மாதிரி இருக்கிறது.

"பாலாறு இருக்குது, நான் இருக்கேன்" என்றேன்.

டீக்கடை அந்தோணியிடம் சொல்லிவிட்டேன்: பின்லாந்துக்காரன் என்னைத்தான் கேட்டான் என்று. வேறெப்படிச் சொல்வது?

16-2, ஞாயிறு

செவிலிமேடு பாலத்துக்குக் கீழே மணலில் மைக்கை நட்டோம். ஸிந்துஜா ஆடு மேய்க்கிறவர்களைத் தள்ளிப் போகச் சொல்லப் போனாள். "மாமா, மைக் பக்கத்துல யாரும் வரக்கூடாது. முக்கியமா, நீங்க பேசக்கூடாது."

என்னிடமா சொல்கிறாள்? ஓடுகிற மைக் பக்கத்தில் குமாரசாமி கண்ணை மூடினதாகச் சரித்திரமே கிடையாது. விடிய விடியத் திருவிழா நடந்தாலும் சரி. அந்த ஒரு பேருக்குத்தான் ஊரில் என்னைக் கூப்பிடுகிறார்கள்.

மத்தியானம் பிரியாணி. நல்ல நிழல். காற்றைக் கூர்ந்து கேட்பதற்காகக் கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்தேன்.

18-2, செவ்வாய்

ஆற்றில் பிடித்ததை ஸிந்துஜா வேகம் குறைத்துப் போட்டுக் காட்டினாள். எனக்கே உடம்பு சிலிர்த்தது. உள்ளே இழுத்து, நின்று, மெதுவாக வெளியே விடுகிறது. "மலை மூச்சு விடுற மாதிரி இருக்குது மாமா" என்றாள். அவள் இப்படிச் சிரித்துப் பார்த்து மாசக்கணக்காச்சு. பாலாற்றுக் காற்று கர்நாடகாவிலிருந்து வருகிறது, அதான் அந்தக் கனம் என்று விளக்கினேன்.

ஆனால் பிடித்தது பாதிப் பாட்டுக்குத்தான் காணும். மிச்சத்தில் லாரி ஹாரன்.

என் வீட்டுக்காரி கிருஷ்ணவேணி காபி கொண்டுவந்தாள். நின்று கேட்டாள்.

"இது உங்க மாமா குறட்டைடி."

டம்ளரை வைத்துவிட்டுப் போயே விட்டாள்.

19-2, புதன்

அது காற்றுதான்.

20-2, வியாழன்

ஸிந்துஜா நேற்று தனியாகவே ஆற்றுக்குப் போய்ப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறாள். அசல் காற்று ஒன்றுக்கும் ஆகவில்லையாம். காலையில் வந்து நின்றாள், கண்ணெல்லாம் சிவந்து. "மாமா, நாளைக்கு அனுப்பணும். கொஞ்சம் தூங்கிக் குடுங்க."

கேலி பண்ணியிருந்தால் திட்டி அனுப்பியிருப்பேன். பண்ணவில்லை. சரி என்றால், மைக் பக்கத்தில் தூங்கினவன் என்று நானே கையெழுத்துப் போட்ட மாதிரி. அந்தோணி காதுக்குப் போனால் ஊர் முழுக்க... அப்புறம் எவன் என்னை நம்பித் திருவிழாவைக் குடுப்பான்?

"பாயைப் போடு" என்றேன்.

மோர் சாதம் சாப்பிட்டுப் படுத்தேன். வரவில்லை. புரண்டு படுத்தேன். வரவில்லை. மூக்குக்கு நேராக மைக் இருந்தால் எனக்கு 'ஹலோ, மைக் டெஸ்டிங்'தான் வாயில் வருகிறது. கிருஷ்ணவேணி விசிறிக்கினே, "கல்யாணம் ஆனதுலருந்து என்னைத் தூங்க விடாத மனுஷன், இன்னிக்குப் பார், ஆந்தை மாதிரி முழிச்சுக்கினு கெடக்குது" என்றாள்.

ஸிந்துஜா ஹெட்போனை எடுத்து என் காதில் மாட்டினாள். "தூங்க வாணாம் மாமா. சும்மா என் பாட்டைக் கேளுங்க. நீங்க ஒருவாட்டிகூட முழுசா கேட்டதில்ல."

அதுவும் உண்மைதான்.

முதலில் மிக்ஸி. அப்புறம் அலறல். டிரம் ஓட்டு வீட்டு மேல் மழை மாதிரி கொட்டியது. கொஞ்ச நேரத்தில் அத்தனைக்கும் அடியில் ஒரு ரீங்காரம் பிடிபட்டது. மேடைக்குப் பின்னால், ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் உட்கார்ந்தால் கேட்குமே, அதே ரீங்காரம். இதைப் போய் மிக்ஸி என்றேனே என்று நினைத்தேன்.

அதற்கப்புறம் என்ன வந்தது என்று எனக்குத் தெரியாது.

9-7, புதன்

பின்லாந்திலிருந்து சிடி வந்தது. கறுப்பு அட்டை. பொடி எழுத்தை ஸிந்துஜா படித்துக் காட்டினாள்: 'காற்று - குமாரசாமி, காஞ்சிபுரம்.' "பக்கத்துல படுத்து இத்தனை வருஷம் கேட்டவ பேரையும் போட்டிருக்கலாம்" என்றாள் கிருஷ்ணவேணி. ஆனால் அட்டையை முந்தானையால் துடைத்துத்தான் குடுத்தாள்.

அந்தோணி கடைக்குக் கொண்டுபோனேன். கடை நிறைய ஆள். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"மெய்யாலுமே உன் பேருதான்பா. என்னா பாடினே?"

சொல்ல நாலு கதை தயாராக வைத்திருந்தேன். ஏனோ வாயில் வரவில்லை.

"பாடல. மைக் பக்கத்துல படுத்துத் தூங்கினேன். அதுக்குத்தான் பேர் போட்டிருக்கான்."

கடையே சிரித்தது. "அளக்கறதுக்கும் ஒரு அளவு வாணாவாய்யா?" என்று அந்தோணி டீயை நீட்டினான். "நீயாவது, மைக் பக்கத்துல தூங்குறதாவது."

டீயை வாங்கிக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.