கழுத்தில் ஒரு கிலோ

மே 3, சனி

வெயில் காலை எட்டு மணிக்கே வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. டீ கொடுத்தால்தான் போகும் போல.

இன்றைய வேலை: மொட்டை மாடியில் மிளகாய் காய வைப்பது. வைத்தேன். காக்கா விரட்டுவது. விரட்டவில்லை, படம் எடுத்தேன். பதினொரு படம். மூன்றில் காக்கா இருக்கிறது.

பெரிய செய்தி. ரிஸ்வானா அக்கா கல்யாணத்துக்குப் பெண்கள் பக்கம் படம் எடுக்கப் பாண்டியிலிருந்து வருவதாக இருந்த போட்டோக்கார அக்கா வர முடியாதாம். அதே வாரம் பிரசவம். தேதி கொடுக்கும்போதே யோசித்திருக்க வேண்டாமா? (எந்தத் தேதி என்று நான் சொல்லவில்லை.)

பெண்கள் பக்கத்துக்குள் ஆண் தலை எட்டிப் பார்க்க முடியாது. ஆண்கள் பக்கத்து ஸ்டூடியோக்காரர் படியோடு சரி. எங்கள் குடும்பப் பெண்களில் கேமரா வைத்திருப்பவள் ஒருத்திதான். ஷார்ஜாவில் இருக்கும் அண்ணன் போன மாதம் தன்னுடையதைக் கொடுத்தனுப்பினான். ஆகவே அந்த ஒருத்தி: நான். வயது பதினேழு. அனுபவம்: காக்கா.

அம்மா தன் அக்காவுக்கு, அதாவது பெண்ணைப் பெற்ற என் பெரியம்மாவுக்கு (இனி பெ.மா.) போன் போட்டாள். ஸ்பீக்கரில்.

"யாரு, அந்த வாலா? போன பக்ரீதுக்கு நான் வாயப் பொளந்துக்கினு தூங்குனத ஸ்டேட்டஸ்ல வச்சாளே, அவளா?"

"ஒன்பது நிமிஷம்தான் பெரிம்மா வச்சிருந்தேன்."

"அந்த ஒன்பது நிமிஷத்துல கோட்டக்குப்பம் பூரா பாத்துட்டாங்கடி!"

போன் கட். படத்துக்கு நான் எழுதியிருந்தது: "குகை திறந்திருக்கிறது. நுழைவு இலவசம்." நல்ல வரிதான். அதுதான் பிரச்சினை.

மே 4, ஞாயிறு

பெ.மா. நேரிலேயே வந்துவிட்டாள். எங்கள் ஊர் மரக்காணம் வெயிலில் குடையோடு. உட்காரவில்லை. நிபந்தனைகள்:

1. எல்லார் போனும் வாசலில் ஒரு கூடையில். உள்ளே ஒரே கேமரா.
2. அந்தக் கேமரா என் உடம்பை விட்டு இறங்கக் கூடாது. மேஜையில் இல்லை, நாற்காலியில் இல்லை, வேறு யார் கையிலும் இல்லை. சாப்பிடும்போதும். நான் தொழும்போது மட்டும் அம்மா கழுத்தில்.
3. முடிந்ததும் கார்டு பெ.மா. கையில். காப்பி கிடையாது.

"காலைல பத்து மணிலேருந்து சாயங்காலம் ஆறு வரைக்கும். முடியுமா?"

"முடியும்."

"முடியலன்னா இப்பவே சொல்லிடு. பொம்பளைங்க தலைல துணி இல்லாம சிரிச்சுக்கினு இருக்கிற எடம் அது. என்ன நம்பி வர்றாங்க. உன்ன நம்பி இல்ல. வியாழக்கிழமைக்கு முன்ன வியாழன், பதினஞ்சாம் தேதி வந்து பாப்பேன். திருப்தி இல்லன்னா படமே வேணாம், விட்டுடலாம்."

கல்யாணம் பதினெட்டு, ஞாயிறு; வியாழக்கிழமைக்கு முன்ன வியாழன் என்றால் என்ன என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. பெ.மா. போன பிறகு அம்மா சொன்னாள்: "உன்னால எனக்கு எங்கக்கா மூஞ்சில முழிக்க முடியாமப் போச்சு தெரியுமா? பத்து மாசமா." தெரியாது. சொன்னதில்லை.

ரிஸ்வானா அக்காவின் மெசேஜ்: "எனக்கு ஒரு போட்டோ கூட இல்லாமப் போயிடும்டி. ஒழுங்கா இரு."

மே 5, திங்கள்

காற்று இல்லை. மளிகைக் கடைத் தராசில் கேமராவை நிறுத்துப் பார்த்தேன். லென்ஸோடு ஒரு கிலோவும் சொச்சமும். கடைக்காரர்: "கிலோ என்ன வெல பாப்பா?"

எட்டு மணி நேரம் ஒரு கிலோ. ஆக, விஷயம் கேமரா இல்லை. ஸ்ட்ராப்தான். (பட்டை என்று எழுதினால் பிரியாணி வாசனை வருகிறது.)

சோதனைக்குக் கேமராவைத் தொங்கவிட்டு ஆட பயம். உப்பு விளையும் எங்கள் ஊரில் ஒரு கிலோ எடைக்கா பஞ்சம்? ஒரு உப்பு பாக்கெட்டைத் துணிப்பையில் போட்டு ஸ்ட்ராப்பில் கட்டி மாட்டிக்கொண்டேன்.

முதல் வேட்பாளர்: பெட்டியோடு வந்த ஸ்ட்ராப். மெல்லிய நைலான். கம்பெனி பெயர் மட்டும் பெரிது.

11 மணி: ஒன்றும் தெரியவில்லை.
12: தெரிகிறது.
1: கழுத்தறுப்பு. உவமை இல்லை, நிஜமாகவே.
1.20: குனிந்தேன். உப்பு ஆடிப்போய் ரசச் சட்டியில் மோதியது. அம்மா: "ஏற்கனவே போட்டுட்டேன்டி உப்பு!"
2: கழற்றும்போது தலை வழியாக முக்காடும் சேர்ந்து வந்தது. பெண்கள் பக்கத்தில் பரவாயில்லை, ஆனால் வாசலில் எனக்கு வேண்டாம்.

கழுத்தில் சிவப்புக் கோடு. நைலான் தோல்வி.

மே 7, புதன்

பெரியப்பாவின் உப்பளத்துக்குப் போனேன். இரண்டாவது வேட்பாளரோடு: அண்ணன் வாங்கி வைத்திருந்த, குறுக்காகப் போடும் ஸ்ட்ராப். கேமராவின் அடியில் இரும்புக் கொக்கி, கொக்கி ஸ்ட்ராப்பில் வழுக்கிக்கொண்டு மேலே வரும். ஹீரோ மாதிரி இருக்கிறது. இடுப்பில் உப்பு பாக்கெட், பாத்திகளுக்கு நடுவே ஒற்றை வரப்பில் நான். உப்பு வாரிக்கொண்டிருந்த செல்வி அக்கா வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

"ஏம்மா, இங்க இல்லாத உப்பா? வீட்லேருந்து எடுத்தாந்திருக்கிற?"

"சொந்தக்காரங்களப் பாக்கணும்னு அழுதுச்சுக்கா."

எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு முடிவதற்குள் நான் கால் வழுக்கி முழங்கால் வரை பாத்தியில். ஆனால் உப்பு நனையவில்லை! ஒரு கையால் இழுத்ததும் அக்குளுக்குக் கீழே ஏறி ஒட்டிக்கொண்டது. குறுக்கே போடுவதுதான் சரி. தோளில் எடை பரவுகிறது, கழுத்துக்கு விடுதலை.

நானே கண்டுபிடித்தேன். யாரும் சொல்லித்தரவில்லை. எழுதி வைக்கிறேன்.

மே 9, வெள்ளி

அவசரப்பட்டு எழுதிவிட்டேன்.

(அ) ஸ்ட்ராப்பை அன்று உப்பளத்துக் கொட்டகையிலேயே மறந்துவிட்டு வந்தேன். இன்று பெரியப்பா கொண்டுவந்தார். கொக்கியில் பழுப்பு பூத்திருக்கிறது. இரண்டே நாள். இந்த ஊர்க் காற்று சைக்கிள் செயினையே தின்னும், கொக்கி எம்மாத்திரம். வெள்ளைக் கைக்குட்டையில் தேய்த்தேன். கறை. சோப்புக்குப் போகவில்லை. கல்யாணத்தில் பாதிப் பேர் வெளிர் நிறத்தில்தான் வருவார்கள்.

(ஆ) அம்மாவின் வலைத் துப்பட்டா கொடியில் இருந்தது. பக்கத்தில் நடந்தேன். நடந்தேன், அவ்வளவுதான். கொக்கி பிடித்து இழுத்து, ஒரு சாண் நூல்.

அம்மா அந்த நூலை என் விரலில் சுற்றிவிட்டுப் போனாள். இதுவே கல்யாணப் பெண்ணின் முக்காடாக இருந்திருந்தால்? இரும்புக்கு இடமில்லை.

மே 11, ஞாயிறு

அத்தாவோடு (அதாவது அப்பாவோடு) பஸ்ஸில் பாண்டி. கேமராக் கடை. கடைக்காரர் எடுத்ததுமே தோல் ஸ்ட்ராப்.

"லெதர்மா. கம்பீரமா இருக்கும்."

"வேர்வை பட்டா சாயம் போகுமாண்ணே?"

"சேச்சே."

தண்ணீர் பாட்டிலில் கைக்குட்டையை நனைத்துத் தேய்த்தேன். காபிக் கலர். கடைக்காரர் அத்தாவைப் பார்த்தார். அத்தா மின்விசிறியைப் பார்த்தார்.

அடுத்தது, மெத்தை வைத்தது. நல்ல மெத்தை, ஆனால் ரப்பர் மாதிரித் துணியில் ஒட்டிக்கொள்கிறது. மேலே ஏறாது, கீழே வராது. அடுத்தது, கையில் மாட்டும் சின்னது. சாப்பிடும்போது கேமராவுக்கும் சேர்த்துப் பிரியாணி ஊட்டுவதா?

ஆறாவது: மூன்று விரல் அகலம், மெத்தென்ற பருத்தி, கறுப்பு. நீளத்தைக் கூட்டவும் குறைக்கவும் பிளாஸ்டிக் பக்கிள், இரண்டு பக்கமும் சேர்த்து அழுத்தினால்தான் திறக்கும். முனையில் இரும்பு இல்லை, கேமராவின் காதுக்குள் துணியே நுழைந்து முடிச்சாகிறது. பெயர் எதுவும் கத்தவில்லை. கடைக்குள்ளேயே குனிந்து, நிமிர்ந்து, உட்கார்ந்து, சாப்பிடுகிற மாதிரி வாயில் கை கொண்டுபோய்ப் பார்த்தேன்.

"தொழுது பாத்துட்டு எடுத்துக்கம்மா, அவசரமில்ல" என்றார் கடைக்காரர். கிண்டல். ஆனால் நல்ல யோசனை. தொழுகையில் ருகூவுக்கு வளைகிற மாதிரி இடுப்பு வரைக்கும் குனிந்தேன். நழுவவில்லை.

மே 13, செவ்வாய்

எட்டு மணி நேரப் பரீட்சை. உப்பைக் கழற்றிவிட்டு நிஜக் கேமரா. ஸ்ட்ராப் துப்பட்டாவுக்கு உள்ளே, சட்டைக்கு மேலே. பாத்திரம் துலக்கினேன், துணி மடித்தேன், இரண்டு வேளையும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். சாப்பிடும்போது பக்கிளை இறுக்கி முதுகுப் பக்கம் தள்ளினால் கேமரா கூன் மாதிரி. ஆனால் குழம்பில் விழாது. பக்கத்து வீட்டு வாண்டு பின்னால் தொங்கிப் பார்த்தான். திறக்கவில்லை. உப்பு மூட்டைக்குப் பதில் இப்போது நிஜமாகவே உப்பு மூட்டை.

மாலை ஆறு: தோளில் வலி இல்லை. அம்மா அந்த இடத்தைத் தடவிப் பார்த்தாள். தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தைத் திரும்ப அலமாரியில் வைத்தாள்.

மே 15, வியாழன்

பெ.மா. வந்தாள். ஸ்ட்ராப்பைப் பிடித்து ஒரு இழு இழுத்தாள். நான்தான் ஆடினேன், அது ஆடவில்லை. துப்பட்டாவைத் தூக்கி உள்ளே பார்த்தாள். பக்கிளை ஒரு கையால் திறக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"தூங்கும்போதும் போட்டுக்கினு இருக்கியாமே?"

"பழகணும்ல பெரிம்மா."

"ம்." போகும்போது வாசலில் அம்மாவிடம்: "பாக்கலாம்." எங்கள் குடும்பத்தில் இதற்குப் பேர் சம்மதம்.

மே 19, திங்கள்

நேற்று கல்யாணம். நேற்றே எழுத முடியவில்லை. கால் இருக்கிறதா என்று இன்று காலைதான் பார்த்தேன்.

வரிசையாக. மண்டபத்து மாடி முழுக்கப் பெண்கள். வாசல் கூடையில் போன்கள் குவியல், ஒவ்வொன்றாக மீன் மாதிரித் துள்ளுகின்றன.

பதினோரு மணி. ரிஸ்வானா அக்கா உள்ளே வருகிறாள். தங்கக் கலர் முக்காடு. கேமராவைத் தூக்குகிறேன். வரவில்லை! நெஞ்சுக்கு மேல் ஒரு அங்குலம் கூட ஏறவில்லை. மறுபடி இழுக்கிறேன், துப்பட்டா என் கண்ணை மூடுகிறது. எட்டு நாள் சோதனை, ஆறு ஸ்ட்ராப், கடைசியில் என்ன? காலையில் அம்மா என்னைத் தயார் செய்தபோது, பழக்க தோஷத்தில் துப்பட்டாவைத் தோளில் ஊக்கு குத்தியிருக்கிறாள். ஸ்ட்ராப்போடு சேர்த்து! கையில் கிடைத்ததையெல்லாம் துப்பட்டாவோடு குத்திவிடுவது எங்கள் அம்மாக்களின் வேலை.

அக்கா நாலு எட்டு வைத்துவிட்டாள். பல்லால் ஊக்கைத் திறந்து வாயிலேயே கவ்விக்கொண்டு எடுத்தேன். ஐந்தாவது எட்டு. அவள் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டாள், ஊக்கைக் கவ்விய நாய்க்குட்டி மாதிரி இருந்தேனாம். அந்தச் சிரிப்புதான் படம். கல்யாணப் பெண்கள் யாரும் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

சாப்பாடு, கேமரா முதுகில். ஒரு பாட்டி: "பாவம், புள்ளைக்கு முதுகுல என்ன கட்டி?" பக்கத்தில் இருந்தவள்: "கட்டி இல்ல பாட்டி, கேமரா." "அதுவும் வருதா இப்ப!"

மூன்று மணி. கதவைச் சாத்தினார்கள். பாட்டு, கைதட்டல். யாரோ பெ.மா.வை நடுவில் இழுத்துவிட்டார்கள். மாட்டேன் மாட்டேன் என்றவள் ஆட ஆரம்பித்தாள். முக்காடு தோளில், கொண்டை அவிழ்ந்து, கண்ணை மூடிக்கொண்டு. எனக்கு அவளை இருபது வயதில் தெரியாது. நேற்று தெரிந்தது. ஒரே படம் எடுத்தேன். ஒன்று போதும் என்று கை சொன்னது. என் வாழ்க்கையின் மிக நல்ல படம்.

மனசுக்குள் உடனே பத்து வரி ஓடியது, ஸ்டேட்டஸுக்கு. பத்தும் நல்ல வரி. எதையும் இங்கே கூட எழுதப்போவதில்லை.

ஆறு மணி. பெ.மா.: "காட்டு." கழற்றக் கூடாது என்பது அவள் போட்ட சட்டம்தானே, ஆகவே அவள்தான் குனிய வேண்டியிருந்தது. அவள் தலை என் தாடைக்குக் கீழே. மல்லிகை, வியர்வை. நான் ஒவ்வொன்றாகத் தள்ளினேன். ஆடும் படம் வந்தது. தள்ளவில்லை.

"இது நானாடி?"

"அழிச்சிடட்டுமா பெரிம்மா?"

"கைய எடு."

ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு கார்டை நானே எடுத்துக் கொடுத்தேன். கைக்குட்டை முனையில் முடிந்துகொண்டாள். அப்புறம் பக்கிளைத் தானே, இரண்டு கையால், அழுத்தித் திறந்துவிட்டாள்.

மே 20, செவ்வாய்

புழுக்கம். மிளகாய் மறுபடி மாடியில்.

அண்ணன் வீடியோ காலில். "எப்படி வந்துச்சு? அனுப்பு பாப்போம்."

"இல்ல. கார்ட குடுத்துட்டேன்."

"ஏய், யாருகிட்ட விடற? ஒண்ணாவது காப்பி எடுத்து வச்சிருப்ப. ஊக்கு கவ்விக்கினு எடுத்தியாமே, அதக் காட்டு. கேமரா குடுத்தவன் நான்."

"இல்லண்ணா."

"ஒண்ணே ஒண்ணு. யாருக்கும் சொல்ல மாட்டேன்."

வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா தலையைத் தூக்காமல் சொன்னாள்:

"அவகிட்ட கேக்காதப்பா. அவ குடுக்க மாட்டா."